குதிரையை நகர்த்தட்டுமா

மாறன் அப்பாவுக்கு,

நீங்க போனை எடுக்கல. அதனால தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு மீன் எடுக்க வர்ற அன்புசெல்விகிட்ட இதைக் குடுத்தனுப்புறேன். புள்ளையோட கருமாதி முடிஞ்சதும் மீன்பிடி போட்டுக்குப் போனவரு, வீட்டுப் பக்கமே வரல.

மாறன் போன் என்கிட்டதான் இருக்கு. பக்கத்து வீட்டு பூவிழி ஒவ்வொரு ஆட்டமா திறந்து காட்டுனா. மிட்டாய் உடைக்கிறது நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் பொழுது போவுது. சுடுற ஆட்டத்துல செத்தவன் எழுந்து மறுபடி ஓடுறான். அதை மூடச் சொல்லிட்டேன்.

நீங்களும் அவனும் ஆடுன செஸ்ஸைத்தான் மூட முடியல. கடலுக்குள்ள உங்களுக்கு சிக்னல் கிடைக்காது, கரைக்கு வந்ததும் ஆடட்டும்னு ஒரு காய் நகர்த்த பல நாள் டைம் குடுக்குற ஆட்டமா பாத்து வெச்சான் இல்ல? அதுல இப்ப அவன் முறை. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காய் நகர்த்தலன்னா அவன் தோத்ததா போட்டுடுமாம்.

"குதிரையை வெச்சா ராஜா மாட்டிக்கும் அத்தை, அண்ணன்தான் ஜெயிக்கும்"னு பூவிழி சொல்றா. ராஜா உங்களுது.

உங்க தம்பி வேற, "செத்தவன் போனை நோண்டாதீங்க அண்ணி, துணிமணியோட அதையும் கடல்ல விட்டிருக்கணும்"னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போறாரு.

ஆனா ஆட வராம தோத்தான்னு என் புள்ளை பேருல எழுத விடமாட்டேன். நாளைக்குள்ள நீங்க வந்தா, என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. வரலன்னா குதிரையை நானே வெப்பேன். உங்க போன் மணி அடிக்கும், அவன் பேரு வரும். பயந்துடாதீங்க, நான்தான்.

காத்துக்கிட்டு இருக்கிற,
உங்க வீட்டுக்காரி