மத்தியானம் வெட்டிய மரம்

ரந்தாவ், நெகிரி செம்பிலான்
4-2-1934

என் அன்பு மயிலம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டை எனக்குத் தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். சித்திரையில் உன்னை அழைத்துக்கொள்வேன். கலியாணமாகி ஒரு மாதம் சேர்ந்திருந்தோம். இரண்டு வருஷமாகக் காகிதத்தில் குடித்தனம் நடத்துகிறோம். போதும்.

வகுப்பில் ஒரு கூத்து. ரப்பர் மரம் பற்றிய பாடம். பஞ்சாலை என்ற சிறுமி எழுந்து, "சார், எங்கம்மா ஏன் இருட்டோட பால் வெட்டப் போவுது? வெயில் வந்தப்புறம் வெட்டுனா ஆவாதா? நான் முழிக்கிறப்ப அம்மா வூட்ல இருக்குமில்ல?" என்றாள். பதில் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். மரம் தூங்கிவிடும் என்கிறான் ஒருவன், வெயில் பாலைக் குடித்துவிடும் என்கிறாள் ஒருத்தி. ஒரே சண்டை. பிரம்பு சும்மாக் கிடக்கிறது. நீ பக்கத்திலிருந்து இதைப் பார்க்கவேண்டும்.

உன்
அமிர்தலிங்கம்

முசிறி
27-2-1934

அன்புள்ள அத்தானுக்கு நமஸ்காரம்.

தெரிந்ததைச் சொல்லாமல் பிள்ளைகளை அலையவிடுவது என்ன வாத்தியார் வேலையோ. பஞ்சாலைக்கு என்ன பதில் கிடைத்தது? எழுதாவிட்டால் பேசமாட்டேன். அத்தை வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லை, நீங்கள் இல்லாததைத் தவிர. புடவைகளைப் பெட்டியில் அடுக்கியாயிற்று.

மயிலம்மாள்

ரந்தாவ்
20-3-1934

என் மயிலுக்கு,

பஞ்சாலைக்குப் பதில் கிடைத்தது. நம் வீடு போயிற்று.

அவள் அம்மா மங்கம்மா விடிகாலையில் வெட்டிய மரத்தில் மங்குக் கிண்ணம் நிறையப் பால். பக்கத்து மரத்தை உச்சி வெயிலில் வெட்டிப் பார்க்கவேண்டும் என்றார்கள் பிள்ளைகள். சரி என்றேன். கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டது. "வெயில்ல மரமே சோந்துடுது சார். அதான் அம்மா முன்னாடியே போவுது" என்றாள் பஞ்சாலை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் மங்கம்மாவின் கத்தியை நான் மணியம் என்ற மாணவன் கையில் கொடுத்திருந்தேன். அவன் ஆழமாக இறக்கிவிட்டான்; பட்டை தாண்டி மரத்தில் காயம். நல்லசாமி கங்காணி துரையிடம் மங்கம்மா பெயரைச் சொன்னார். வெட்டச் சொன்னது நான் என்று போய் நின்றேன். வேலை மிஞ்சியது. வீடு கணக்கெழுதும் கிராணிக்குப் போய்விட்டது.

இனி எனக்குக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறை. பக்கத்து அறையில் இருமினால் இங்கே கேட்கும். அங்கே உன்னைக் கொண்டுவந்து வைக்க மனம் வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். யாருமில்லாதபோது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், மயில்.

அமிர்தலிங்கம்

முசிறி
12-4-1934

அத்தானுக்கு,

மங்கம்மாவைக் காப்பாற்றியது நியாயம். என் கோபம் வேறு.

சின்னப் பிள்ளைகளை, பார்த்துத் தெரிந்துகொள் என்று விடுகிறீர்கள். எனக்கு மட்டும் பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். அந்த அறையில் உன்னால் இருக்க முடியுமா என்று ஒரு வரி கேட்டீர்களா? உங்கள் குரலை நினைவுக்குக் கொண்டுவர இப்போதெல்லாம் நேரமாகிறது. அறை சின்னது என்பதைவிட அதுதான் எனக்குப் பயம்.

மாமா நாகப்பட்டினம் வரை கூட வருகிறார். இந்தக் கடிதத்துக்கு அடுத்த கப்பலில் நான். இருக்க முடியுமா முடியாதா என்று வந்து பார்த்துச் சொல்கிறேன்.

மயிலம்மாள்