பின்னால் நீண்ட கை

அடி கழுதை,

நேற்றைய ரிலேயில் மூன்றாவது ஆளாக ஓடிவந்து குச்சியைக் கொடுக்கும்போது இந்த நாட்டு மொழியில்தான் நான் கத்தியிருக்க வேண்டும். நாம் ஒரே அணியில் ஓடியபோது வருஷக்கணக்காக உனக்குக் கத்திய பழக்கத்தில் "இந்தா, புடி!" என்று கத்தித் தொலைத்தேன். எங்கள் கடைசி ஓட்டக்காரி புரியாமல் திரும்பினாள். குச்சி விழுந்தது.

பக்கத்துத் தடத்தில் நம் நாட்டுக்காக நின்ற நீ, என் கத்தல் கேட்டதும், உன் ஆள் வந்து சேருமுன்பே கையைப் பின்னால் நீட்டினாய். பார்த்தேன்.

எங்கள் அணியின் அறையில் யாரும் என்னோடு பேசவில்லை. திட்டக்கூட இல்லை. நீயாக இருந்தால் நாலு வார்த்தை கிழித்திருப்பாய்.

நான் நாடு மாறிக் கிளம்பிய அன்று, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், போடி" என்றாய். சொன்ன சொல் தவறவில்லை. நேற்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

கைக்கு மட்டும் சொல்லி வைக்க மறந்துவிட்டாய்.

இப்படிக்கு,
இன்னும் மூன்றாவதாகவே ஓடுகிறவள்