வெள்ளைக் கல்லில் ஆறு மூலைக் குழி

இன்று காலை வீட்டில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. ஃபிரிட்ஜின் தலைமேல் நெடுங்காலமாகக் குடியிருந்த மின்கட்டண ரசீதுகளும் மாத்திரை டப்பாவும் அலமாரிக்கு மாற்றப்பட்டன. என் மனைவி ஆட்சேபித்தாள். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. காலியான இடத்தில் உன் வெள்ளைக் கல்லைத் துடைத்து வைத்தேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. அந்தக் கல்லின் மறுபாதியை ஒட்டிவைக்கக் கொண்டுவருவதாக உன் மனைவி போன் செய்திருந்தார்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் காங்கேயம் போனவன் நீ. சம்பந்தம் கூடவில்லை, அங்கே வாங்கித் துண்டில் சுற்றிய கல்லோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாய். அடியில் ஃபெல்ஸ்பார் என்கிற வெள்ளைக் கல். அதன்மேல் விரல் உயரத்துக்கு, ஆறு பட்டையோடு ஒரு பெரில் படிகம். மரகதத்துக்குப் பங்காளி முறை என்றாய். கீழ்ப்பாதி வெளிர் மஞ்சள், மேல்பாதி நீலம். வாழ்நாளெல்லாம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவன், இரண்டு நிறமும் சேருகிற இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாய். "பொடவ மாதிரி உடம்பு வேற, கரை வேற. எங்க சேர்த்தான்னே தெரியலபா," என்றாய். உன் மனைவியோ அது லிங்கம் என்று தீர்மானித்து, சாமி மாடத்தில் வைத்துத் தினம் ஒரு நந்தியாவட்டை சார்த்தினார். நம் பிள்ளையார்பாளையத்தில் நிமிர்ந்து நிற்கிற கல் எதுவும் வெகுநாள் கல்லாக இருக்க முடியாது.

நான்தான் நம்பவில்லை. "ஒரே கல்லுல ரெண்டு கலரா? எவனோ சாயம் ஏத்தி உன் தலையில கட்டிட்டான்," என்றேன். நம் தெருவில் சந்தேகத்துக்கு ஒரே பரீட்சைதான்: கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் நூலை முக்கி, நிறம் இறங்குகிறதா என்று பார்ப்பது. உன் மனைவி ஊரில் இல்லாத ஒரு நாள், நீ நூல் உலர்த்தப் போன நேரத்தில், கல்லை எடுத்து வெந்நீர் அண்டாவில் முக்கினேன். உடனே குழாய்த் தண்ணீரில் காட்டினேன். 'டிக்' என்றது. பெரில் அடியோடு கழன்று கையில் வந்தது. வெள்ளைக் கல்லில் ஆறு மூலையோடு ஒரு குழி.

நீ வந்து முதலில் அண்டாவைத்தான் எட்டிப் பார்த்தாய். "தண்ணி தெளிவா இருக்குது பாரு. சாயம் போவல," என்றாய். பிறகு வெள்ளைக் கல்லை என்னிடம் கொடுத்தாய். "உன்கிட்ட இருக்கட்டும். எப்பனா ஒரு நாள் ஒட்டிக்கலாம்."

ஒன்பது வருஷத்தில் நமக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. இருவருமே வேலைப்பளு மிகுந்தவர்கள். தினமும் டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது.

உன் மனைவி வந்தார். பட்டுத் துணியில் சுற்றிய பெரிலை மேசைமேல் வைத்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கை தவறிப் போட்டுட்டேன்னு சொன்னாருண்ணா. சாமிய உடைச்ச கைன்னு நான் சொல்லாத நாளு இல்ல. ஆஸ்பத்திரியில கூட, இந்த நோவே அதனாலதான் வந்துதுன்னு சொல்லிட்டேன். செவுத்தப் பார்த்துக்கினு படுத்துனு இருந்தாரு."

நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோதெல்லாம் அங்கே தருகிற இட்லியைப் பற்றித்தான் பேசினோம்.

"அவன் போடலம்மா. நான்தான் வெந்நீர்ல முக்கினேன்," என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாப்பது நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேண்ணா," என்றார்.

காப்பி பாதி மீதி இருந்தது. பெரிலை அதே துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வெள்ளைக் கல் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.