நரம்பெடுத்த பல்லில் வலி

ஜூன் 9, திங்கள்
வலிக்கிறதென்று, உறை போட்ட பல்லுக்குப் பின்னால் இருந்த பல்லைப் பிடுங்கி ஒரு வாரம் ஆகிறது. வலி அப்படியே இருக்கிறது. எங்கள் கணபதி வட்டாரத்தில் உள்ள அத்தனை லேத் பட்டறையும் என் இடது கன்னத்துக்குள் ஓடுகிறது.

டாக்டர் வேறு யாருமில்லை, நாத்தனார் மகன் கிருபாசங்கர்தான். "எக்ஸ்ரேல எல்லாம் சுத்தமா இருக்குதுங்க அத்தை. போன வருஷம் நரம்பெடுத்து உறை போட்டனே, அந்தப் பல்லு வலிக்கவே வலிக்காதுங்க. அதுக்கு முன்னாடி இருக்கறத வேணா எடுத்துப் பார்க்கலாம்."

எடுத்துப் பார்க்கலாமாம்! என் வாய் என்ன இவன் தொழில் பழகுற இடமா?

ஜூன் 11
தூக்கமே இல்லை.

ஜூன் 12
வேறு டாக்டரிடம் போகலாம் என்றேன். இவர் குதிக்கிறார். "அக்கா பையன் டாக்டரா இருக்கறப்ப வெளிய போனா, அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?" பிறகு மெதுவாக, "வலி உம்பட மனசுல இருக்குதோ என்னமோ."

மனசுலயா? அழுதுபோட்டேன். சனிக்கிழமை அடுத்த பல்லை எடுப்பதாக முடிவு. நானும் தலையாட்டிவிட்டேன். வலி நின்றால் போதும், மொத்தப் பல்லையும் பிடுங்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி
என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நிலோஃபர் தன் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். த்ரீ டி ஸ்கேன் எடுத்தார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து ஆடாமல் நின்றேன். கருவி தலையைச் சுற்றி வந்தது, அவ்வளவுதான்.

வெங்காயம் அரிவதுபோல் என் பல்லைக் கம்ப்யூட்டரில் மெல்லிசாக அரிந்து அரிந்து காட்டினார். அதே உறை போட்ட பல்! வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்களில் மூன்றைக் கிருபாசங்கர் மருந்து வைத்து அடைத்திருந்தான். நான்காவது ஒன்று அடைக்காமலே கிடந்தது. நுனியில் எலும்பு அரித்துக் கறுப்பாக, சீழ்.

"சாதா எக்ஸ்ரேல முன்னாடி இருக்கறது பின்னாடி இருக்கறதை மறைச்சுருமுங்க. இதை வெச்சுட்டு எப்படிங்க தாங்குனீங்க?"

அங்கேயே ஓவென்று அழுதேன். எனக்குப் பைத்தியமில்லை. இல்லவே இல்லை.

ஜூன் 14
பல்லெடுக்கப் போகவேண்டிய நேரத்தில் ஸ்கேனை எடுத்துக்கொண்டு போனேன். இவரும் கூட வந்தார். கிருபாசங்கர் வெகுநேரம் பார்த்தான்.

இவர்தான் கேட்டார்: "அப்ப, அன்னிக்கு எடுத்த பல்லு?"

"நல்ல பல்லுதானுங்க, மாமா."

வீடு வரும்வரை இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு
கிருபாசங்கர் மகளுக்குக் காதுகுத்து, கிடா விருந்து. டாக்டரம்மா அந்த நான்காவது குழாயைச் சுத்தம் செய்து அடைத்தபின் வலி விட்டுவிட்டது. அவரிடம் போனது நாத்தனாருக்குத் தெரிந்துபோய்விட்டது. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தவர், என் இலையை மட்டும் தாண்டிப் போனார். இவர் எழுந்துபோய், அக்கா கையிலிருந்த வாளியை வாங்கிவந்து என் இலையில் கறியைப் போட்டார். நான் இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன்.