யாயிரின் மகளுக்கு ஒரு படம்

அன்பின் டெல்சிக்கு,

சிலாபத்தில் மழையா? இங்கே கண்டக்குழியில் காற்றுத்தான்.

நான் வடிவமைக்கும் நற்செய்திப் புத்தகம் முடியப்போகிறது. பக்கத்துக்குப் பக்கம் எங்கள் கரையின் படங்கள்: வலை இழுப்பவர்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள். யாயிரின் மகளுடைய பக்கம் மட்டும் படமில்லாமல் கிடந்தது. இறந்துபோன சிறுமியை, நித்திரை கொள்கிறாள் என்று சொல்லி ஆண்டவர் எழுப்பிய இடம் அது. நித்திரை கொள்ளும் பிள்ளையின் படமொன்று வைக்கச் சொன்னார் ஃபாதர்.

காய்ச்சல் வருவதற்கு முந்திய வாரம் நீர் போனில் எடுத்த எங்கள் மகளின் படத்தை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் பாயின் தடம்கூடத் தெரிகிறது.

ஃபாதருக்கு அவளைத் தெரியாது. அடக்கத்துக்குப் பிறகு இந்தப் பங்குக்கு வந்தவர். வீட்டுக்கு வந்து கணினித் திரையில் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ளை நல்ல நித்திரை போல. எழுப்பிப்போடாதீங்க" என்றார்.

நான் ஓம் என்றேன். அவர் போன பிறகும் வீட்டுக்குள் மெதுவாகவே நடந்தேன்.

படம் உம்முடையது. வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். ஆனால் அதை உம்முடைய அம்மா வீட்டில் இருந்துகொண்டு சொல்லாமல், இங்கே வந்து அவளைப் பார்த்துவிட்டுச் சொல்லும்.

இப்படிக்கு,
பிள்ளையின் அப்பா