பதினைந்து டிகிரி

ஒக். 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. லிந்துலை பஸ் லேட். ஹட்டன் வகுப்புக்கு நனைந்துதான் போனேன். ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்கு முன் அவர்கள் பழக்கவழக்கம் படிக்கணும். இன்று:

– செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் திருப்பி வைக்கணும்
– எதையும் இரண்டு கையால் கொடுக்கணும், வாங்கணும்
– நடந்துகொண்டே தின்னக்கூடாது (என் கடலை போச்சு)
– குனியணும். வணக்கத்துக்கு 15 டிகிரி, மரியாதைக்கு 30, மன்னிப்புக்கு 45

இந்தக் குனிவது மட்டும் எனக்கு வரவில்லை. டீச்சர் சிரித்தார். "தோட்டத்துப் புள்ளைங்களுக்குக் குனியச் சொல்லிக் குடுக்கணுமா?"

உடம்பெல்லாம் எரிந்தது. நிமிர்ந்தே நின்றேன். வெள்ளிக்கிழமை நேர்முகம். குனியாதவளை ஜப்பான்காரர் எடுக்கவே மாட்டாராம்.

ஒக். 15, புதன்

நனைந்ததில் தடிமன், ஒரே தும்மல். சப்பாத்து இன்னும் ஈரம்.

மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் ரோட்டிலேயே சொன்னேன். "குனிஞ்சா முதுகு ஒடைஞ்சுருமா புள்ள? வேல வேணுமா, வீம்பு வேணுமா?"

பேசும்போதே தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப். அம்மா கொழுந்துக் கூடையோடு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி, தலை குனிந்து நின்றாள். ஜீப் கண்ணாடிகூட இறங்கவில்லை. அம்மா காலெல்லாம் சேறு.

எனக்கு வேலை வேணும். இந்தத் தோட்டத்து லய வீட்டை விட்டுப் போக வேறு வழியில்லை. ஆனால் இது வராது. வரவும் கூடாது.

ஒக். 17, வெள்ளி

நேர்முகம். ஜப்பானிலிருந்து முதியோர் இல்லத்து நிர்வாகி அம்மா, அறுபது வயதிருக்கும். நான் உள்ளே போனதும் எழுந்து, எனக்கு, கொழுந்தெடுக்கிறவள் மகளுக்கு, குனிந்தார். நன்றாகவே குனிந்தார். பதிலுக்கு என் இடுப்பு தானாக வளைந்தது.

டீச்சர் இதைச் சொல்லவே இல்லை. அங்கே இரண்டு பேரும் குனியணும். அப்படியென்றால் சரி.

ஒக். 24, வெள்ளி

எடுத்துவிட்டார்கள். இந்தத் தோட்டத்தில்தான் குடியிருக்கிறேன் என்ற வதிவிடக் கடிதத்துக்குத் துரை கையெழுத்து வேணும். அம்மாவும் ஒப்பீசுக்கு வந்தாள். "கையக் கட்டிக்கிட்டு வெளியவே நில்லு."

உள்ளே போனேன். கடிதத்தை இரண்டு கையால் கொடுத்தேன். குனிந்தேன், சரியாக 15. நிமிர்ந்து காத்திருந்தேன்.

"என்ன?" என்றார் துரை.

"இப்ப நீங்க, சேர். போற நாட்டுல அப்படித்தான்."

கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அம்மா வாசலிலிருந்தே கண்ணால் எரித்தாள். நான் நகரவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, துரை தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

ஐந்து டிகிரி இருக்கும். பரவாயில்லை, அவருக்கு முதல் பாடம்.