மேசைக்கு அடியில் சொன்ன பொய்

அன்பு மகள் நசூனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வீட்டுக்காரரும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது, கொல்லையில் வாழையெல்லாம் குலை தள்ளியிருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் தைலம் தேய்க்கச் சொன்னால் எரிந்து விழுகிறார். வியாழக்கிழமையிலிருந்து நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. கோபம் இல்லையம்மா, உன்னிடம் பேச எனக்கு முகமில்லை. அதனால்தான் கடிதம். உங்கள் நாட்டுக்குப் படிக்க வருகிற நம் பங்குச் சாமியாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு வீடியோவில் ஒரு பாடம் நடத்தலாம் என்று நாம் எவ்வளவு நாள் பேசித் திட்டம் போட்டோம். உங்கள் ஊர் ஏரி உறைந்துபோகும், மேலே ஆள் நடக்கலாம் என்று நான் சொன்னதற்கு, ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளைகள் "டீச்சர் நல்லா கதை விடுறாங்கடா" என்று சிரித்தார்கள். அவர்களுக்கு அதைக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். தலைமையாசிரியை நகிமேரா மசாக்கா டவுனில் யார் யாரிடமோ கெஞ்சி ஒரே ஒரு நாளைக்கு ப்ரொஜெக்டர் வாங்கி வந்தார். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினேன், யார் எங்கே உட்காருவது, யார் எந்தக் கேள்வி கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன், கரண்ட் போனால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்தேன். நீ வர முடியாமல் போனால் உன் இடத்தில் யார் வருவார் என்று மட்டும் யோசிக்கவில்லை. ஆய்வகத்தில் வேலை முடியவில்லை, அவரைப் பேசச் சொல்லியிருக்கிறேன் என்று நீ அனுப்பிய செய்தியை நான் பார்க்கவே இல்லை, என் போனிலிருந்துதான் கணினிக்கு இணையம் போய்க்கொண்டிருந்தது.

திரை வெளிச்சமானதும் சுவர் முழுக்க உன் வீட்டுக்காரர் முகம். உங்கள் கல்யாணத்தன்றுகூட உள்ளறையில் உட்கார்ந்து நான் பார்க்காமல் காத்த முகம். மருமகன் முகத்தை மாமியார் பார்த்தால் கை கால் நடுக்கம் வரும் என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது, நான் யோசிப்பதற்குள் மேசைக்கு அடியில் போய்விட்டது. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி "டீச்சர், பாம்பா?" என்று கத்திக்கொண்டு பெஞ்சு மேல் ஏறிவிட்டாள். நகிமேரா குனிந்து, "யாருங்க அது, உங்க மருமகனா?" என்று கேட்டார். "யாரோ தெரியலைங்க, தப்பா உள்ள வந்துட்டாரு போலிருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஒளிந்தது நம் வழக்கம், அதில் எனக்கு வெட்கமில்லை. பொய் சொன்னது வழக்கம் இல்லை நசூனா, என் கர்வம். மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் அதிகாரி என்று இந்தப் பள்ளிக்கூடம் முழுக்க அளந்து வைத்திருந்தேன். அவரோ பஸ் பணிமனைச் சட்டையோடு, கன்னத்தில் கிரீஸோடு, வேலைக்கு நடுவில் நம் பிள்ளைகளுக்காக ஓடி வந்து நின்றார்.

கணினியிலிருந்து அவர், "ஆமாங்க, தப்பாத்தான் வந்துட்டேன். வந்தது வந்தாச்சு, பிள்ளைங்களுக்கு ஏரியைக் காட்டிட்டுப் போயிடட்டுமா?" என்றார். அதற்குள் தன் போனைத் தரைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். நான் தவழ்ந்து வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டேன், போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவருடைய இரண்டு பூட்ஸ் மட்டும் ஏரி மேல் நடந்துபோயின. பனியைக் காலால் ஒதுக்கிக் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்த தண்ணீரைக் காட்டினார், அதன் மேல் குதித்தார், பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். "மாமா, உங்க மூஞ்சியைக் காட்டுங்க" என்று ஒருவன் கேட்டான். "என் மூஞ்சியில என்னடா இருக்கு, காலைப் பாரு, தண்ணி மேல நிக்குது" என்றார். முடிந்ததும் நகிமேரா வெளியே வந்து, நன்றி சொல்ல அந்த நல்ல மனுஷன் பேர் என்ன என்று என்னிடம் விசாரித்தார். அப்போதும் தெரியாது என்றுதான் சொன்னேன். இரண்டாம் தடவை.

அன்று சாயங்காலம் நீ அனுப்பிய குரல்செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "அம்மா, பாடம் நல்லா நடந்துச்சாமே. அத்தை குரலை இன்னிக்கு முதல்தடவையா கேட்டேன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். என்ன பேசினாங்கன்னு கேட்டா, சரியா காதுல விழலைங்கிறாரு" என்கிறாய். விழுந்தது நசூனா. கணினி என் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது.

இந்தக் கடிதத்தை அவருக்கு முழுதும் வாசித்துக் காட்டு, எதையும் விடாதே. இது உன் கைக்கு வருமுன் காலை வழிபாட்டில் பிள்ளைகள் எல்லார் முன்னாலும், அவர் பெயர் லுப்வாமா, பஸ் ரிப்பேர் செய்கிறவர், என் மகளைக் கட்டியவர் என்று சொல்லியிருப்பேன். கம்பளிச் சாக்ஸ் இல்லாமல் இரண்டு பேரும் வெளியே இறங்காதீர்கள். மாதா உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
லுப்வாமாவின் மாமியார்,
ஃபெலிஸ்தா நபுக்கென்யா